மாதாவின் பச்சை அங்கி

செவ்வாய், இரவு.

ஜார்ஜ்டவுன் தேவாலயத்தின் பழைய மாதா சொரூபத்தை இன்று சீரமைப்புக்கு முன் எக்ஸ்ரே கருவியால் சோதித்தேன். பச்சை அங்கியின் வண்ணத்தில் ஆர்சனிக் இருக்கிறது. தினமும் அதைத் துடைத்து முத்தமிடுபவர் பிலோமினா அக்கா.

"இனிமே கையுறை இல்லாம தொடாதீங்க அக்கா. முத்தமும் வேணாம். அந்தப் பச்சை விஷம்."

"சுரண்டிட்டு புதுசா பெயிண்ட் அடிச்சிடலாம்லா?"

"அது அசல் வண்ணம். சுரண்டினா தூள் பறக்கும், இன்னும் ஆபத்து. கண்ணாடிக்குள்ள வச்சிடலாம்."

அக்கா துடைக்கும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகனுக்குக் காய்ச்சல் வந்தா இதத்தான் அவன் நெத்தியில போடுவேன்."

துணியை வாங்கி வந்து சோதித்தேன். அதிலும் ஆர்சனிக். காலையில் இருவரையும் மருத்துவரிடம் நானே அழைத்துப் போகிறேன். அக்காவிடம் இதைச் சொல்லப் போனை எடுக்கிறேன், வைக்கிறேன். மாதாவைத் தொட்ட துணி என்றுதானே அக்கா போட்டார்.