எதிரே வந்தவள்

கிளிநொச்சி,
12.02.1980

அன்புள்ள சிவலட்சுமி அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? நல்லதம்பி அண்ணை மதகடி வெள்ளத்தில் போய் மூன்று மாதமாகிறது. அன்று தான் ஓட்டிப்போன அம்புலன்சிலிருந்து அவர் தூக்கிக் கரையேற்றிய சுப்பம்மா, போன கிழமை குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தா.

மார்ச் 9, ஞாயிறு, எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கம் அண்ணையின் படத்தைத் திறந்து வைக்கிறது. புது அம்புலன்சும் அன்றுதான் முதல் ஓட்டம். விளக்கேற்றிப் படம் திறக்க அண்ணையின் தம்பி ஐயாத்துரையைக் கேட்டிருக்கிறோம். நல்ல காரியம் என்பதால் நீங்கள் பின்வரிசையில் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குறை நினைக்காதேங்கோ.

அன்புடன்,
கதிர்காமநாதன்
(செயலாளர்)

ஸ்கந்தபுரம்,
18.02.1980

தம்பி கதிர்காமநாதனுக்கு,

குறை நினைக்காமல் எப்படி இருக்கிறதாம்?

பதினொரு வருஷம் அவர் வேலைக்கு வெளிக்கிட்டால் படலையில் நின்று, "சிவலட்சுமி, எதிரிலை வா" என்று கூப்பிடுவார். பூவும் பொட்டுமாய், செம்பில் தண்ணியோடு நான் எதிரே வந்தால்தான் கால் எடுத்து வைப்பார். என் முகம் நல்ல முழுவியளம், அதில் முழித்துப் போனால் போன காரியம் நல்லபடி முடியும் என்று ஊரே சொன்னது. குசினியில் உலை பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடுவேன்.

கடைசி நாளும் அப்படித்தான் போனேன். பொட்டும் இருந்தது, செம்பு நிறையத் தண்ணியும் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு என் பொட்டு அவரைக் காப்பாற்றவில்லை. இன்றைக்கு என் வெறும் நெற்றி உங்கள் விளக்கை என்ன செய்துவிடும்?

ஐயாத்துரை நல்ல மனிசன்தான். ஆனால் சோற்றைப் பாதியில் விட்டு ஓடினவருக்குப் பின்னால் கைகழுவத் தண்ணி கொண்டு ஓடினது நான். விளக்கை நான்தான் ஏற்றுவேன். இல்லையென்றால் அந்தப் படத்தை இங்கே அனுப்பிவிடும்.

சிவலட்சுமி

கிளிநொச்சி,
26.02.1980

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். பிறகு ஐயாத்துரையே எழும்பி, "அண்ணி ஏத்தட்டும். எனக்கு முதலே அது சரியாய்ப் படேல்லை" என்றார். பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். போகட்டும். நீங்கள்தான் ஏற்றுகிறீர்கள்.

இன்னொரு விஷயம். அண்ணையின் இடத்துக்கு வந்திருக்கிற சாரதி பரமேஸ்வரன் கல்யாணம் முடித்து ஆறு மாதம்தான். அந்த மதகடியால் போக அவனுக்குப் பயம். "முதல் ஓட்டத்துக்கு அந்த அக்காவே எதிரிலை வரட்டும்" என்கிறான். உங்களிடம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுமொழி போடுங்கோ.

கதிர்காமநாதன்

ஸ்கந்தபுரம்,
03.03.1980

தம்பிக்கு,

ஞாயிறு முதல் பஸ்ஸில் பிள்ளைகளோடு வருகிறேன். விளக்குக்கு எண்ணெய் நான் கொண்டுவருவேன், நீங்கள் வாங்க வேண்டாம்.

பரமேஸ்வரனுக்கு எதிரே வரமாட்டேன். கோபம் இல்லை. அவன் கேட்டதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் இருந்து அழுதேன், அதையும் அவனிடம் சொல்லும். ஆனால் என் முகத்தை நம்பி ஒருவர் போனது போதும்.

மதகுக்கு மேலால் தண்ணி ஓடினால் இறங்கித் தடியால் ஆழம் பார்க்கச் சொல்லும். தண்ணி இழுத்தால் திருப்பிக்கொண்டு சுற்றுப்பாதையால் போகச் சொல்லும். பிந்திப் போனான் என்று அவனை ஒருத்தரும் ஏச நான் விடமாட்டேன்.

சிவலட்சுமி நல்லதம்பி