கல்வெட்டு என்பவர் யார்?

2 மார்ச் 2019, சனி

இன்றும் அது நடந்தது. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் வகுப்பு மாறி உட்கார்ந்திருந்த முதல் வருடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சடாரென்று எழுந்து வணக்கம் சொன்னார்கள். நாற்பத்து நான்கு வயது, முன்வழுக்கை, இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் மாணவன்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உட்காருங்க, உட்காருங்க" என்று கையமர்த்திவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். என்ன ஆசை பார்.

மனிதவள மேலாண்மை முதுகலை, கடைசி செமஸ்டர். ஆய்வேடு மட்டும் பாக்கி. முடித்தால் ஷூ ஃபாக்டரியில் துணை மேலாளர் ஹர்சோயோ, மேலாளர் ஹர்சோயோ ஆவான். டைரக்டர் லியெம் சாரே சொல்லியிருக்கிறார்: "பட்டத்தோட வா, நாற்காலி உனக்குத்தான்."

என் தலைப்பு: தொழிலாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள். ஆய்வு வழிகாட்டி பலுபி மேடம் ஒப்புக்கொண்டார். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனால் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடுகிறது.

"உங்க ஃபாக்டரியை விட்டுப் போனவங்ககிட்ட நீங்களே போய்க் கேட்டா உண்மையைச் சொல்வாங்களா சார்?"

"என்கிட்ட எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்க மேடம்."

கண்ணாடியை இறக்கினார். அத்தோடு முடிந்தது. என் ஆட்களை உடன் படிக்கும் அனிந்தியா பேட்டி எடுப்பாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையை விட்டுப் போன நர்ஸுகளை நான் பேட்டி எடுப்பேன்.

5 மார்ச்

'கவனித்துக் கேட்டல்' என்ற அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி வெனிங் ஏதோ சொன்னாள். அருமையான அத்தியாயம். அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

14 மார்ச்

பசைப் பிரிவிலிருந்து யாத்மி வந்தாள். அடிப்பாகம் ஒட்டும் இடத்தில் வாடை தாங்கவில்லையாம், மத்தியானம் ஆனால் தலை பிளக்கிறதாம். பேக்கிங்குக்கு மாற்றச் சொல்கிறாள். பொறுமையாகக் கேட்டேன். தேதி போட்டு, அவள் எண்ணைப் போட்டு, எழுதிக்கொண்டேன். "கவனத்துல வச்சிருக்கேன்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பத்தொன்பது வருடம், பதினேழு பச்சை நோட்டுகள், எல்லாவற்றுக்கும் பொருளடக்கம். இந்தோனேசியாவில் வேறு எந்த ஃபாக்டரியில் இருக்கிறது இது?

7 ஏப்ரல், ஞாயிறு

அனிந்தியா பதிவுகளைக் கொடுத்தாள். பதினாறு பேர். கொடுக்கும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சார், வேணும்னா நானே டைப் பண்ணிக் குடுத்துடவா?"

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு என்ன மரியாதை! "வேண்டாம்மா, என் வேலையை நான்தான் செய்யணும்" என்றேன். என் நர்ஸுகளில் மூன்று பேர் அழுதார்கள் என்பதையும் சொல்லிவைத்தேன், நான் எவ்வளவு நன்றாகக் கேட்கிறேன் என்று அவளுக்கும் தெரியட்டுமே.

9 ஏப்ரல்

நான்கு பதிவுகள் முடிந்தன. பசை வாடை, வெக்கை, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை, எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்று பேர் 'கல்வெட்டு' என்று யாரையோ சொல்கிறார்கள். "கல்வெட்டுகிட்ட போய் நின்னோம்." "கல்வெட்டுகிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?" யார் இது? ஸ்டோர்ஸ் சுகியார்த்தோவாகத்தான் இருக்கும். பாவம், வயதானவர். ரிட்டயர் ஆகாமல் உட்கார்ந்திருக்கிறார். பட்டப்பெயர் வைப்பதில் இந்தப் பெண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரசித்துச் சிரித்தேன்.

12 ஏப்ரல்

எட்டுப் பதிவுகளில் ஐந்தில் கல்வெட்டு. பரிந்துரைகள் அத்தியாயத்துக்கு ஒரு பத்தி இப்போதே எழுதிவிட்டேன்: 'இத்தகைய அதிகாரிகளை அடையாளம் கண்டு, தகுந்த பயிற்சியோ விருப்ப ஓய்வோ அளிப்பது நலம்.' கச்சிதமாக வந்திருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள வாசல் செக்யூரிட்டி சரிப்பிடம் கேட்டேன். "சரிப், கல்வெட்டுன்னு யாரைப்பா சொல்றாங்க?"

குடித்துக்கொண்டிருந்த காபி அவனுக்குப் புரையேறியது. "தெரியாது சார்" என்றான். பிறகு எழுந்து நின்று சல்யூட் அடித்தான். சாதாரணமாக அடிக்க மாட்டான்.

16 ஏப்ரல்

ஒன்பதாவது பதிவு. துமினி அக்கா. தையலில் பதினோரு வருடம், பசையில் மூன்று வருடம், போன வருடம் நின்றுவிட்டார்.

எழுதியே தீர வேண்டுமா? எழுதுகிறேன்.

"அவரு கெட்டவரு இல்ல தங்கச்சி. உட்காரச் சொல்லுவாரு. முழுசாக் கேப்பாரு. பச்சை நோட்டை எடுத்து அழகா எழுதுவாரு. தேதி போடுவாரு, அடியில ஸ்கேல் வச்சுக் கோடு கிழிப்பாரு. கல்லுல வெட்டுன மாதிரி இருக்கும். அப்புறம் கல்லு எங்கயாச்சும் நகருமா? ஆயிரம் வருசம் கழிச்சு யாராவது தோண்டி எடுத்துப் படிப்பாங்க, துமினின்னு ஒருத்திக்குத் தலைவலி இருந்துச்சுன்னு."

அனிந்தியா சிரிக்கிறாள். பதிவில் தெளிவாகக் கேட்கிறது. சிரிச்சுட்டு, "ஸாரிக்கா, சொல்லுங்க"ங்கிறா. எங்கிட்ட வந்து சார், சார்னு நின்னாளே!

சுகியார்த்தோ பச்சை நோட்டு வைத்திருக்கவில்லை. சுகியார்த்தோ எதையுமே எழுதுவதில்லை.

விருப்ப ஓய்வா? எனக்கா? நானே எழுதி வச்சிருக்கேனே, கச்சிதமா!

18 ஏப்ரல்

நேற்று தேர்தல் விடுமுறை. நாள் முழுவதும் தலைவலி என்று படுத்திருந்தேன். தலைவலி என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.

இன்று ஃபாக்டரியில் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பொருளடக்கம் இருப்பதால் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. ஆகஸ்ட் 2016: துமினி, பசைப் பிரிவு, தலைவலி, இடமாற்றம் கோருகிறார். ஜனவரி 2017: துமினி, வாந்தி, மேற்படி. நவம்பர் 2017: துமினி, மீண்டும். 'மீண்டும்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு. அந்தக் கோட்டை இழுத்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? நடவடிக்கை எடுத்துவிட்டதாகவா?

கையெழுத்து நிஜமாகவே அழகாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

20 ஏப்ரல், சனி

பதினாறில் பதினொரு பேர்.

அட்டவணையில் அதற்கு ஒரு பெயர் கொடுத்தேன்: 'நிர்வாகத் தகவல் தொடர்பில் காணப்படும் இடைவெளி'. நான்கு முறை வாசித்தேன். என் சாயலே இல்லை. நிம்மதியாக பலுபி மேடத்திடம் கொண்டுபோனேன்.

"என்ன சார் இது, இடைவெளி? பதினொரு பேர் ஒரு இடைவெளியைப் பத்தியா பேசினாங்க?"

"இல்ல மேடம். ஒரு ஆளைப் பத்தி."

"யாரு?"

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். "டீ இங்கயே இருக்கு" என்று ஃப்ளாஸ்க்கைக் காட்டினார். சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "பேரை எடுத்துடலாம் சார். ஆளை எடுக்க முடியாது. எடுத்தீங்கன்னா இதுல ஆய்வே இல்ல."

வெளியே அனிந்தியா நின்றிருந்தாள். கண் கலங்கி, "சார், அன்னைக்கு நான் சிரிச்சது..." என்று ஆரம்பித்தாள். "நல்ல ஜோக்தானேம்மா" என்றேன். உண்மையிலேயே நல்ல ஜோக். அடுத்தவனைப் பற்றி என்று நினைத்திருந்தபோது நானும்தானே சிரித்தேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

துமினி அக்காவைத் தேடிப் போனேன். சந்தை வாசலில் பெசெல் சோறு விற்கிறார். என்னைப் பார்த்ததும் கரண்டி ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது.

"வாங்க சார். காரம் போடட்டுமா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாழையிலையில் கீரை, வேர்க்கடலைச் சட்னி, சோயா தெம்பே எல்லாம் வைத்து நீட்டிவிட்டார். வாய் நிறைய சோற்றோடு மன்னிப்புக் கேட்ட முதல் ஹெச்.ஆர். அதிகாரி நானாகத்தான் இருக்கும்.

"அக்கா, அந்த மூணு தடவை நீங்க வந்தப்ப..."

"அதை விடுங்க சார். எனக்கு இப்ப தலைவலி இல்ல. யாத்மி எங்க பக்கத்து வீடு. அவ இன்னும் பசையிலதானே இருக்கா?"

யாத்மி. மார்ச் பதினாலு. பேருக்கு நான் ஒரு அதிகாரி, எனக்கு ஒரு ஆய்வு வேறு! படிக்கப் போன பிறகும் அதையே செய்திருக்கிறேன். பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன்.

"காரம் அதிகமா?" என்றார் துமினி அக்கா. இரக்கமில்லாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

29 ஏப்ரல்

யாத்மியை பேக்கிங்குக்கு மாற்றினேன். ஒரு படிவம், மூன்று கையெழுத்து. கையெழுத்துக்காக நானே நடந்தேன். ஆன நேரம் நாற்பது நிமிடம்.

துமினி அக்கா மூன்று தடவை வந்து காத்திருந்தது இந்த நாற்பது நிமிடத்துக்காக.

யாத்மியிடம் உத்தரவைக் கொடுத்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீதானேம்மா கேட்ட?"

"கேட்டேன் சார். ஆனா... குடுக்குறீங்களே?"

17 ஆகஸ்ட்

சுதந்திர தினம். ஃபாக்டரியில் சாக்குப் பை ஓட்டம். கீழே விழுந்தேன். பேக்கிங் பெண்கள் கைதட்டினார்கள். அது கொஞ்சம் அதிகப்படி.

24 ஆகஸ்ட், சனி

வைவா. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இந்த அதிகாரியை என்ன செய்யலாம்ங்கிறீங்க?"

"வேலையில வச்சுக்கலாம் சார். பேனாவை மட்டும் புடுங்கிடணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப நாளா உங்களோட வேலை பார்க்குறாரா?"

"பத்தொன்பது வருசமா சார். காலையில பல்லு தேய்க்கும்போதுகூட எதிர்ல நிக்கிறாரு."

சிரிப்பு நின்றது. பலுபி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேறிவிட்டேன். மதிப்பெண் சுமார்தான்: மாதிரி அளவு சிறியது, நடை உணர்ச்சிவசப்பட்டது.

16 செப்டம்பர்

விதிப்படி ஒரு பிரதியை லியெம் சாரிடம் கொடுத்திருந்தேன். படித்துவிட்டார். படிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"ஹர்சோயோ, பேரு போடலன்னாலும் எனக்குத் தெரியாதா?" என்றார். மேலாளர் பதவிக்கு ஜகார்த்தாவிலிருந்து ஒருவர் வருகிறார். முப்பத்தொரு வயது. நாற்காலிக்குப் புது உறைகூடப் போட்டாயிற்று.

வெனிங்கிடம் சொன்னேன். "அப்ப எதுக்கு ரெண்டு வருசம் படிச்சீங்க?" என்றாள். இந்த முறை அவள் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

23 நவம்பர், சனி

பட்டமளிப்பு விழா ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கே கறுப்பு அங்கி, தொப்பி, வெனிங்குக்குப் பச்சை கெபாயா உடை, எல்லாம் தயார். பைக்கை எடுக்கும்போது யாத்மி போன் செய்தாள்.

"சார், பசையில ரெண்டு பேரு வாந்தி எடுக்குறாங்க. ஃபேன் ஓடல. கப்பல் தேதி இருக்கு, லைனை நிறுத்த மாட்டேங்கிறாங்க. புது சார் போனை எடுக்கல."

"சரிம்மா, நான்..." என்றேன். அடுத்து என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெனிங்குக்கும் தெரியும் போலிருக்கிறது. "ஃபாக்டரிக்கு விடுங்க" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அங்கியைக் கழற்றத் தோன்றவில்லை. வாசலில் சரிப் பதறி எழுந்தான். பசைப் பிரிவுக்குள் போனதும் கண் எரிந்தது, மூன்று மூச்சுக்குள் தலை கிறுகிறுத்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த அறைக்குள் நான் மொத்தமாக ஐந்து நிமிடம்கூட நின்றதில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார்: "சார், உங்களுக்கு அதிகாரம் கிடையாது சார்!" தெரியும். விதிமுறைப் புத்தகத்தை எழுதியவனே நான்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "கோர்ட்ல இருந்து வந்திருக்காங்களாடி?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் பொத்தானை அழுத்தியபடியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, மெக்கானிக் வந்து தோளைத் தொட்டான். "கையை எடுங்க சார். அது எப்பவோ நின்னுடுச்சு."

வாந்தி எடுத்த இருவரையும் கிளினிக்கில் விட்டோம். இப்போது பரவாயில்லை. விழா முடிந்துவிட்டது. சான்றிதழை அனிந்தியா வாங்கி வைத்திருக்கிறாள். வெனிங்கும் நானும் கிளினிக் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். பின்னால் 'காலணிகளை வெளியே விடவும்' என்ற போர்டு விழுந்திருக்கிறது.

25 நவம்பர், திங்கள்

லியெம் சார் கத்தவில்லை. பசைப் பிரிவில் நான்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஆள் வந்திருந்தார்கள். ஆனாலும் விதி விதிதான், மெமோ கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

இந்த ஃபாக்டரியில் மெமோ அடிப்பது என் வேலை. ஆகவே என் மெமோவை நானே அடித்தேன். அதிகாரமின்றி உற்பத்தியை ஒன்றரை மணி நேரம் நிறுத்தியதாகப் புது மேலாளர் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். தவறு. இரண்டேகால் மணி நேரம். திருத்தினேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் நான் போட்டேன். பெயருக்குப் பின்னால் புதுப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். முதல் முறையாக.