உச்சிக்கால மணிக்கு முன்னால்

கண்மணி கலைவாணிக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் தம்பி விக்னேஷும் அவன் வீட்டுக்காரியும் சுகம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பத்திர விஷயம். வாரிசு சான்றிதழ் வந்துவிட்டது, நம் மூவர் பெயரும் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை, அதனால் வீட்டில் மூன்று பேருக்கும் சமபங்கு என்று வக்கீல் சொன்னார். வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற விக்னேஷ் உன் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி உனக்கு விடுதலைப் பத்திரம் அனுப்புவான் போலிருக்கிறது. கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அவ்வளவுதான். விட்டுக்கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம், நான் நடுவில் வரமாட்டேன். ஆனால் தம்பிதானே என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டாயோ, எனக்குப் பொல்லாத கோபம் வரும். சர்க்காருக்கு அப்பா போன தேதி போதும், அதில் சிக்கல் இல்லை. திதிக்கு மட்டும் நேரம் வேண்டியிருக்கிறதே, அங்கேதான் தப்பு நடந்துவிட்டது.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அப்பா போன அன்று, தறியில் உனக்கென்று நீட்டிப் போட்ட பாவு நூலில் சேலை நெய்துகொண்டிருந்தோம். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று உனக்குத் தெரியும், உடலுக்கு அப்பா ஊடு நூல் நாடாவை எறிந்தால் கரைக்கு நான் எறிய வேண்டும். கரைக்கு நான் அரக்கு நிறம் எடுத்தது பிடிக்கவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தார், நானும் விடவில்லை, இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டோம். பேசாமலே நெய்யலாம், நாடா வந்தால் போதும். வந்துகொண்டிருந்த நாடா நின்றது. கோபத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நானும் வீம்பாக என் நாடாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரமோ. கடைசியில் தாங்காமல், "இன்னாங்க, இன்னும் கோச்சிக்கினுதான் இருக்கீங்களா?" என்று தோளைத் தொட்டேன். அப்படியே சேலை மேல் சாய்ந்துவிட்டார். நான் கத்தின நேரத்தையே அவர் உயிர் போன நேரமாக எல்லாரும் வைத்துக்கொண்டார்கள், அதன்படி திதி தசமி ஆனது.

போன வாரம் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. சுரீர் என்றது எனக்கு. மணி கேட்டால் அப்பா நாடாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, சண்டையானாலும் ஜுரமானாலும் விட்டதில்லையே. அன்று நான் வீம்பாகக் காத்திருந்தபோதும் மணி அடித்தது, நான் போட்டுக்கொண்டேன், அவர் கை எழவில்லை. மணிக்கு முன்பே போய்விட்டிருக்கிறார் மனுஷன். பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். மணி அடித்த பிறகுதான் நவமி கழிந்து தசமி பிறந்திருக்கிறது. ஐயோ, மாதா மாதம் தசமியில் இலை போட்டோமே, அவர் நவமியில் வந்து வெறும் வாசலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாரே.

உச்சி வேளையில் தறி அறையில் தறிப் பலகை ஒரே ஒரு அடி அடிப்பது கேட்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு முனிசாமி தறி என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவர் தறி சத்தம் தெருப் பக்கம் கேட்கும், இது உள்ளே கேட்கிறது. பயமில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் வயிறு எரிகிறது.

ஐயரிடம் போய்ச் சொன்னேன். மூச்சு நின்றதைப் பார்த்தது யார் என்று கேட்டார். "மணி அடிச்சிது சாமி, அவரு கை எழலியே" என்றேன். அப்படியானால் நவமிதான் என்றார். விக்னேஷ் ஒத்துக்கொள்ளவில்லை, தலைத்திவசம் தசமி என்று உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம், இப்போது மாற்றினால் சிரிப்பார்களாம். அவன் தசமியில் செய்யட்டும். நவமியில் நான் இங்கே இலை போடுகிறேன், நீ அங்கே போடு. உங்கள் ஊருக்கு நவமி எப்போது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வெங்காயம் பூண்டு வேண்டாம். வாழைக்காய், பாகற்காய், உளுந்து வடை, கொஞ்சம் பாயசம் போதும். காக்கை வராவிட்டால் எந்தப் பறவை வந்தாலும் சரி. பெண்பிள்ளை செய்யலாமா என்று யோசிக்காதே, பசித்து வருகிறவர் உன் அப்பா.

சேலையைத் தறியிலிருந்து அறுத்துவிட்டேன். நம் தெரு வீரபத்திரன் மகள் அங்கே வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். அறுத்த பிறகும் இன்று உச்சியில் அந்த அடி கேட்டது.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். தீர்க்க சுமங்கலியாக, நிறைந்த வயிறும் நிறைந்த வீடுமாக இருக்க வேண்டும் என் பெண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா
நீலாம்பாள்
பெரிய காஞ்சிபுரம்

மறந்துவிட்டேன். சேலையின் முடிவில் ஒரு சாண் நெய்யாத பாவு நூல் தொங்கும். பார்க்க நன்றாயில்லை என்று கத்தரித்துவிடாதே. நான் உன் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்த இடம் அது.