பிரேக் மிதிக்கும் கால்

1963 நவ. 4, திங்கள்
விடியவே மழை. லக்கலைப் பாதை முழுக்கச் சேறு. வலது காலில் அதே இழுப்பு. இடுப்பில் கிளம்பி, தொடைக்குப் பின்னால் இறங்கி, குதிகால் வரை. ரத்தோட்டை தாண்டியபின் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். இருமினாலும் உயிர் போகிறது. சை, என்ன பிழைப்பு.

டிப்போவில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, பஸ் கழுவ விட்டுவிடுவார்கள்.

என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கண்டக்டர் பண்டா கண்டுபிடித்துவிட்டான். "நானா, ஏறக்குள்ள காலைக் கையால தூக்கி வைக்கிறீங்களே?" வாயைப் பொத்து என்றேன்.

நவ. 5, செவ்வாய்
இன்று பஸ் லக்கலையில் தங்கல். பின்னேரம் பண்டா என்னை அவனுடைய பெரியப்பாவிடம் இழுத்துக்கொண்டு போனான். அவர் அந்த ஊர் வெதமாத்தயா. நரம்பு, முறிவு எல்லாம் பார்க்கிற நாட்டு வைத்தியர். குப்புறப் படுக்கச் சொன்னார். பெருவிரலால் இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டார். "அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன். "ஆள் இங்கதான் ஒளிஞ்சிருக்கிறான்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

சூடான நொச்சி எண்ணெய். மேலிருந்து கீழே மெதுவாக நீவினார். முதுகெலும்பில் கையே வைக்கவில்லை. கடைசியில் இலைப் பொட்டலத்தால் ஒத்தடம். எழும்பி நின்றபோது பாதி வலி இல்லை. கண் கலங்கியது. பண்டாவுக்கு முன்னால் வெட்கமாகவும் இருந்தது.

கட்டளைகள்: புளி கூடாது. அன்னாசி கூடாது. பச்சைத் தண்ணீரில் குளிப்பு கூடாது. கொஞ்ச நாளைக்கு பஸ் ஓட்டவே கூடாது.
கடைசியைக் காதில் வாங்காத மாதிரி எழும்பி வந்துவிட்டேன்.

நவ. 8, வெள்ளி
லீவு. ஜும்ஆவில் உட்கார்ந்துதான் தொழுதேன். பக்கத்தில் ஒரு கிழட்டு மனுஷன் சுகமாகக் குனிந்து நிமிர்கிறார். பொறாமை.

வெதமாத்தயா செய்ததைச் சொல்லிக்கொடுக்க, ஹாஜரா தடவுகிறாள். "கத்தாம படுங்க. நான் புருஷன அடிக்கிறேண்டு பக்கத்து வீட்டாக்கள் நெனைக்கப் போறாங்க."
பாய், தலையணை, தின்கிற பாண் ரொட்டி எல்லாம் எண்ணெய் வாடை. அவளுக்கும் கை உளைவு. சொல்லமாட்டாள்.

நவ. 14, வியாழன்
வலி இல்லை! சுத்தமாக இல்லை. அல்ஹம்துலில்லாஹ். பண்டாவுக்குப் பிளேன்டியும் வடையும். இறக்கத்தில் பாட்டுக்கூட வந்தது.
வீட்டில் ஹாஜரா விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தடவவேண்டுமாம். ஒத்தடத்தில் சூடே இல்லை, நன்றாகச் சூடாக்கு என்றேன். "எனக்குக் கை பொறுக்குதில்ல, உங்களுக்குச் சூடு காணாதா?" முணுமுணுத்துக்கொண்டே சூடாக்கி வந்து வைத்தாள்.

நவ. 15, வெள்ளி
காலையில் ஹாஜரா அலறினாள். என் வலது கெண்டைக்காலில் பெரிய கொப்புளம்.
"யா அல்லாஹ், வெந்து ஈக்குது! சுடக்குள்ள ஏன் சொல்லல்ல?"
சுடவில்லையே என்றேன்.
என்னைப் பார்த்தாள். தையல் ஊசியை எடுத்து வந்து கால்மாட்டில் குந்தினாள். குத்திப் பார் என்றேன்.
"குத்திட்டன்" என்றாள்.

குணமில்லை, கால் மரத்துப்போயிருக்கிறது. நேற்று பஸ் நிறைய ஆட்கள். ஸ்கூல் பிள்ளைகள். அந்த இறக்கத்தில் பாட்டு வேறு பாடியிருக்கிறேன், மடையன்.

நேரே டிப்போவுக்குப் போய் சுப்பிரின்டென்டிடம் எல்லாம் சொன்னேன். காது கிழியக் கத்தினார். பிறகு அவரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார் என்றார். நாளைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமாம். பஸ்ஸை வேறு டிரைவருக்குக் கொடுத்தாகிவிட்டது. திரும்பக் கிடைக்குமா என்று கேட்க வாய் வரவில்லை.

நவ. 16, சனி
மழை விட்டிருந்தது. கண்டி பஸ். முன் சீட்டில் நானும் ஹாஜராவும். ஓட்டினவன் பொடியன். பலகடுவ வளைவுகளில் கண்மண் தெரியாமல் எடுக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் காலடிப் பலகையை அழுத்திக்கொண்டே வந்தேன்.
"என்னத்துக்கு இப்படி முக்குறீங்க?" என்றாள் ஹாஜரா.
பிரேக் பிடிக்கிறேன் என்றேன்.
குனிந்து பார்த்தாள்.
"காலு அசையல்லியே."