டக்கரும் மகிழினியின் இனிஷியலும்

மே 9, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கட்டி நின்றது, மழை இல்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பிரிண்டைச் சூட்டில் பதிய வைக்கிற க்யூரிங் மெஷினில் இருந்த பீஸ் எல்லாம் பாதி வெந்தும் வேகாமலும். தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.

புது ஆர்டர். அமெரிக்கா பையர். பழுப்பு வெள்ளை டி-சர்ட், முதுகில் வளைவாக ஒரே ஒரு பேர், கருநீலத்தில். டக்கர். எழுத்து மேல் விரிசல் விட்ட மாதிரி இருக்கணுமாம், நூறு வருஷம் துவைத்து வெளுத்த மாதிரி. புதுசைப் பழசாக்கக் கலர் கலக்கணும். நாளைக்கு ட்ரையல்.

பிரிண்டிங் டேபிள் பசங்க பேரைப் படித்ததும் ஒரே சிரிப்பு. அப்புறம் நாள் முழுக்க எல்லாமே டக்கர். டீ டக்கர், வடை டக்கர்.

அது ஒரு ஆளோட குடும்பப் பேராம். மெர்ச்சண்டைசர் ரம்யா சொன்னாள். (பையருக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற பொண்ணு. கெட்டிக்காரி.) எல்மர் டக்கர், பேஸ்பால் ஆட்டக்காரர், போன நூற்றாண்டு ஆரம்பத்தில் ஆடினவர். பேஸ்பால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரிங்க என்றாள்.

ஒரு விஷயம் மனதில் நின்றது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர் சட்டையில் பேரே போடமாட்டார்களாம். நம்பர்கூட இல்லையாம். இருந்தவரைக்கும் வெறும் முதுகு. இப்போது நாங்கள் போடுகிறோம்.

வாங்க: சரசுவுக்கு பிரஷர் மாத்திரை. தேங்காய் எண்ணெய். மாம்பழம், ஞாயிற்றுக்கிழமை பேத்தி மகிழினி வருவாள்.

மே 11, ஞாயிறு

வெயில். மாம்பழம் நல்ல இனிப்பு. மகிழினி சட்டையெல்லாம் மஞ்சள்.

மருமகள் பிரியா ஸ்கூட்டரில் கூட்டி வந்தாள். வந்ததிலிருந்தே ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருந்தாள். சரசு அடுப்படிக்குப் போனதும், "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க" என்றாள்.

பிள்ளையை ஒண்ணாம் வகுப்புக்கு அவர்கள் இருக்கிற அருள்புரத்திலேயே சேர்க்கிறார்கள். இனிஷியலைச் சேவியர் பேருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாள். பள்ளிக்கூடம், ஆதார், எல்லாம் இப்போதே ஒண்ணாக இருந்தால் பின்னால் சிக்கல் இருக்காதாம். நீங்க வேண்டாம்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சதுங்க மாமா என்றாள். தலை நிமிரவே இல்லை.

யோசிச்சுச் சொல்றேன் கண்ணு என்றேன்.

கா. போய் ரெண்டு வருஷத்துக்கு மேல். (என் மகன். பேரை முழுசாக எழுத இன்னும் கை வரவில்லை. கா. போதும்.) பல்லடம் ரோட்டில் லாரி. பிள்ளைக்கு அப்போது நாலுகூட முடியவில்லை. போன தையில் பிரியா சேவியரைக் கட்டிக்கிட்டாள், ரிஜிஸ்டர் ஆபீஸில். சாத்தான்குளம் பக்கத்து ஆள், கட்டிங் மாஸ்டர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அந்தப் பொண்ணு எத்தனை நாள் தனியாக இருப்பாள். சரசு வரவில்லை. தலைவலி என்றாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு சரசு கேட்டாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஏனுங்க, ஆளுதான் போயிட்டான். பேராச்சும் இருக்கட்டுமுன்னு உடமாட்டாங்களா?"

மே 13, செவ்வாய்

சாயங்காலம் தூறல். மண்வாசம் வந்து அதோடு நின்றுவிட்டது.

ட்ரையல் சரியில்லை. விரிசல் ரொம்பப் பெரிசு, காய்ந்த ஏரி மாதிரி. நாளைக்கு மறுபடி.

டீ நேரத்தில் ரம்யா செல்போனில் பார்த்துச் சொன்னது: டக்கர் என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு தொழில். துணியைத் தண்ணியில் போட்டு அடித்து, மிதித்து, இறுக்கிக் கொடுக்கிறவன். வாக்கர் என்றாலும் அதே தொழில்தானாம், ஃபுல்லர் என்றாலும் அதேதானாம். வெப்ஸ்டர் என்றால் நெய்கிறவன். நம்ம காம்பாக்டிங்காரர் வேலை மாதிரிங்க மாஸ்டர் என்றாள். அப்படிப் பார்த்தால் திருப்பூரில் பாதிப் பேர் டக்கர்.

தொழில் போய்விட்டது, பேர் மட்டும் பிள்ளை, பேரன் என்று ஒட்டிக்கொண்டே போகிறது.

க்யூரிங் மெஷின் ஓட்டுகிற ஒடிசாக்காரர் கேட்டார், மாஸ்டர் உங்க டைட்டில் என்ன என்று. குடும்பப் பேரை அவர்கள் டைட்டில் என்கிறார்கள். அதெல்லாம் இல்லை, இனிஷியல்தான், அப்பா பேர் என்றேன். டைட்டில் நஹி? என்று பாவமாகப் பார்த்தார்.

வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். நமக்கு ஒரு தலைமுறைதான். எனக்கு முன்னால் எங்கப்பா பேர். கா.வுக்கு முன்னால் என் பேர். மகிழினி பிறந்ததும் என் பேர் கழன்று அவன் பேர் வந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷம்தான். எப்படியும் கழலப்போகிற எழுத்து. அவள் கல்யாணமாகிப் போனால் மாற்றிக்கொண்டாலும் கொள்வாள்.

அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன் மனசு ஒப்பமாட்டேன் என்கிறது.

மே 15, வியாழன்

வெயில் கொளுத்தியது. தலை கிறுகிறுப்பு. மோர்.

சட்டையில் தொங்கவிடுகிற டேக் அட்டைக்கு வாசகம் வந்திருக்கிறது. ரம்யா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னாள். எழுதினது பையர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, அந்த ஆட்டக்காரருக்குக் கொள்ளுப்பேத்தி.

எல்மர் டக்கர் பிறக்கும்போது டக்கர் இல்லை. சின்னக் குழந்தையில் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்துவிட்டார். அம்மா மறுகல்யாணம் செய்துகொண்ட ஆள்தான் டக்கர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர், அப்புறம் பத்திரிகையில் அந்தப் பேர், கல்லறையிலும் அதே பேர். பெற்ற அப்பாவின் பேர் குடும்பத்தில் இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். என்னாச்சுங்க மாஸ்டர் என்றாள். ஒண்ணுமில்லை, வெயில் என்றேன்.

ஸ்கிரீன் கழுவுகிற இடத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வந்து அவளிடம் ஒரு உதவி கேட்டேன். நிஜமாகவே யாருக்கும் தெரியாதா என்று அந்த அம்மாவுக்கு எழுதிக் கேட்க முடியுமா. ஏன் எதற்கு என்று கேட்காமல் சரிங்க என்றாள்.

சரசுவிடம் இதைச் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

மேகமூட்டம். விரிசல் இன்றைக்குச் சரியாக வந்தது. மெல்லிசாக, கண்ணாடியில் முடி விழுந்த மாதிரி. சாம்பிள் அனுப்பியாச்சு.

டேக் எழுதின அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. பெரிய பதில். தெரியாதாம். அந்த அம்மாவும் தேடிப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் எல்மரின் அம்மாவிடம் முதல் புருஷனைப் பற்றிக் கேட்டால் நல்ல மனுஷர் என்று சொல்வாளாம், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டாளாம். ஆனால் எல்மரை வளர்த்த அந்த டக்கரைப் பற்றி நிறையக் கதை இருக்கிறதாம். பையன் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் போய்விடுவாராம். மழையில் ஆட்டம் நின்று எல்லாரும் போன பிறகும் ஆள் நகரமாட்டாராம், மறுபடி ஆரம்பித்தால் பையன் தேடுவானே என்று. டக்கர் என்ற பேரைக் கேட்டால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லாருக்கும் முகம் மலரும் என்று எழுதியிருக்கிறார்.

நல்ல விஷயம்தான். எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. சுரங்கத்தில் செத்தவனுக்கும் ஒரு தாய் தகப்பன் இருந்திருப்பார்களே.

மே 20, செவ்வாய்

சரசுதான் வழி சொன்னாள். ரெண்டையும் போட்டால் என்ன? முன்னால் கா., அடுத்தது சே. ரெண்டு எழுத்து வைத்துக்கொள்கிற பிள்ளைகள் இல்லையா.

நியாயமாகத்தான் பட்டது. சேவியரை நேரில் பார்த்துப் பேசுவது என்று முடிவு. போனில் வேண்டாம்.

மே 21, புதன்

அரை நாள் லீவு. அருள்புரம். வழியெல்லாம் தூசி.

சேவியர் கம்பெனிக்கு எதிரில் டீக்கடை. கூப்பிட்டதும் கையில் துணிப்பஞ்சோடு ஓடி வந்தார். என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரெண்டு எழுத்து யோசனையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு எந்த எழுத்தும் வேண்டியதில்லையாம். பிரியாவும் தானாகக் கேட்கவில்லையாம். நடந்தது இது: அட்மிஷனுக்குப் போன அன்றைக்கு டீச்சர் பிள்ளையிடம் பேர் கேட்டிருக்கிறார். அப்பா பேர் என்ன என்று அடுத்த கேள்வி. சேவியர் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். கையிலிருந்த பேப்பரில் கார்த்திகேயன் என்று இருந்திருக்கிறது. டீச்சர் தப்பாகச் சொல்கிறாயே என்று சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லையாம்.

சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை பயந்துட்டுய்யா. பழைய அப்பா கோவிச்சுக்கிடுவாரா, அவரு பேரச் சொல்லாம உங்க பேரச் சொல்லிட்டனேன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்லதுக்கு? நான் சொன்னா அது சரியா இருக்குமாய்யா?"

டீ ஆறிப்போய்விட்டது. ரெண்டு பேரும் குடிக்கவில்லை.

எழுத்தைப் பற்றி அதற்கப்புறம் நான் பேசவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்.

மே 22, வியாழன்

சரசுவிடம் எல்லாம் சொன்னேன். பேப்பர், டீச்சர், பிள்ளை சாப்பிடாதது. ரெண்டு எழுத்து வேண்டாம், ஒண்ணே இருக்கட்டும், அவள் வாயிலிருந்து வந்த பேரே இருக்கட்டும் என்றேன். ரெண்டு எழுத்தும் இருந்தால் போகிற இடத்திலெல்லாம் இதே கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் அவள் பயப்படுவாள். என் மகன் பேர் பிள்ளைக்குப் பயமாக வேண்டாம்.

சரசு அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணியைக் கொட்டாமல் திரும்பத் திரும்பக் களைந்தாள்.

மே 25, ஞாயிறு

மழை. கடைசியில் நல்ல மழை. வாசலில் கணுக்கால் தண்ணி.

பிரியாவை உள்ளே அனுப்பிவிட்டு மகிழினியை மடியில் வைத்துக்கொண்டேன். காகிதக் கப்பல் கேட்டாள். செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். சுவரில் இருக்கிற படத்தைக் காட்டவில்லை, கண்ணால் மட்டும் பார்த்தாள்.

"அப்பாரு, போட்டோ அப்பா கோவிச்சுக்குவாருங்களா?"

"மாட்டான் கண்ணு. உங்கப்பனுக்குக் கோவமே வராது. நீ யாரை அப்பான்னு கூப்பிட்டாலும் அவன் சிரிச்சுட்டுத்தான் இருப்பான்."

நிஜமாவா என்றாள். நிஜமா என்றேன்.

பொய். கா.வுக்கு மூக்குமேல் கோபம். தோற்றுப்போனான் என்று கேரம்போர்டைத் தூக்கி முற்றத்தில் வீசினவன். எனக்கும் அவனுக்கும் நாள்கணக்கில் பேச்சு இல்லாமல் போன காலமெல்லாம் உண்டு. ஆனால் அவள் விஷயத்தில் அது பொய் இல்லை. அவளைக் கையில் வாங்கின நாளிலிருந்து அவளிடம் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

பிரியாவிடம் சே. போட்டுக்கோ என்று சொன்னேன். மாமா என்றாள். சரசு பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டாள். ரொம்ப இறுக்கிப் பின்னிவிட்டாள் போல. வலிக்குதுங்க அப்பாயி என்று பிள்ளை சொன்னதும் அவிழ்த்து, முதலிலிருந்து பின்னினாள்.

மே 28, புதன்

டக்கர் சாம்பிள் அப்ரூவல் ஆகிவிட்டது. வாஷ் டெஸ்ட் பாஸ். விரிசல் அருமை என்று பையர் எழுதியிருப்பதாக ரம்யா சொன்னாள். முழு ஆர்டரும் ஓடுகிறது. மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுகிறது, முதுகு மேலே பார்க்க. டக்கர், டக்கர், டக்கர். பசங்களுக்குச் சிரிப்பு அலுத்துவிட்டது.

மழையில் ஆட்டம் நின்ற இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆளை நினைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கோபம் இல்லை.

வீட்டில் பேச்சு குறைவு. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். சரசு இளைத்த மாதிரி இருக்கிறாள். பிரஷர் பார்க்கக் கூட்டிப் போகணும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறப்பு. காற்று பலமாக அடிக்கிறது.

பிரியா போட்டோ அனுப்பியிருந்தாள். யூனிபார்ம், ரெட்டைச் சடை, முன்பல் இல்லாத சிரிப்பு. கழுத்தில் ஐடி கார்டு. பெரிசாக்கிப் பார்த்தேன். சே. மகிழினி.

சரசுவிடம் போனைக் கொடுத்தேன். விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாளா முகத்தைப் பார்த்தாளா தெரியவில்லை. கொஞ்சம் பூசின மாதிரி ஆயிட்டா என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்புறம் படத்தடியில் போய் நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

காற்று. இன்றைக்கு லீவு, பி.எஃப். பண்டு ஆபீஸ் போகணும், போகவில்லை.

காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே தெருக்குழாயில் தண்ணி வந்துவிட்டது. பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க எல்லாரும் குடத்தோடு நிற்கிறார்கள். சரசு தெருவிலிருந்து அண்ணாந்து கூப்பிட்டாள்.

"கார்த்தியப்பா, தண்ணி வந்துருச்சு. கொடத்தை எடுத்துட்டு வாங்க."

கல்யாணமான புதிதில் என்னை ஏனுங்க என்பாள். அவன் பிறந்த பிறகு இப்படித்தான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவன் போன அன்றைக்கு விட்டவள். ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆச்சு, இந்தப் பேரில் என்னை யாரும் கூப்பிட்டு.

அவள் தெரிந்து கூப்பிட்டாளா, தன்னாலே வாயில் வந்ததா. கேட்கவில்லை.

"வரேன்" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.