பரணில் கிடந்த தலையணை

மாதனூர்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

மருமகள் நந்தினிக்கு மாமியார் கெங்கம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சத்துவாச்சாரியில் நீயும் செல்வகுமாரும் பேத்தி ஓவியாவும் சுகம்தானே? இங்கே நான் சுகம். மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் இருமல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ஷூ கம்பெனியில் பாதி ஆயுசு சொல்யூஷன் பசை தடவின நெஞ்சு, மழைக்காலம் வந்தால் கத்தத்தான் செய்யும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உனக்குப் போன் போட்டால் கிளாஸில் இருப்பாய், தொந்தரவு செய்யாதே என்று செல்வகுமார் சொல்லிவைத்திருக்கிறான். அவனுக்குப் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறான். அதனால்தான் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கே எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் அந்த அஞ்சையும் ஒழுங்காகப் படித்தேன். உன் பிள்ளைகள் கையெழுத்தைவிட என் கையெழுத்து நன்றாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஓவியாவுக்கு எட்டு மாசம் இருக்கும்போது இங்கே வந்தீர்கள். அவளை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனீர்கள். மத்தியானம் தூங்கவைத்தேன். உருண்டு போகாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டிருந்தேன். நீ வந்ததும் வராததுமாகப் போர்வையைப் பிடுங்கினாய். "இது மூக்கு மேல விழுந்தா மூச்சு நின்னுடும் அத்தை! பாசம் மட்டும் இருந்தா போதுமா, கொஞ்சம் அறிவும் வேணாமா?" என்று கத்தினாய். பக்கத்து வீட்டு சுகரா பேகம் வாசலில் நின்று அத்தனையும் கேட்டாள்.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. உன் புருஷனையும் அப்படித்தானே படுக்கவைத்தேன், அவன் மூச்சு நின்றா போச்சு என்று கேட்கத் தெரியாமல் இல்லை. மறுநாள் நர்ஸம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். அந்தப் பெண்ணும் நீ சொன்னதையேதான் சொன்னது. ஒரு வயசு வரைக்கும் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்திலேயே இருக்கக் கூடாதாம். துணி முகத்தில் விழுந்தால் தள்ளிவிடத் தெரியாத வயசாம். அதற்கப்புறம் மெல்லிசாக ஒரு போர்வை. தலையணை இரண்டு வயசு ஆனபிறகு, அதுவும் சின்னதாக, தட்டையாக. நீ சொன்னது நியாயம் என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டேன். சொன்ன விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

முதல் பிறந்தநாளுக்கு மண்டபத்துக்கு வந்தேன். குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். உன் அம்மா ஈரத்துணி எடுத்து அந்தக் கன்னத்தைத் துடைத்தார்கள். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி, எனக்கு மட்டும் காகிதக் கப்பு. நான் கம்பெனி வேலைக்குப் போனவள்தான். அந்தக் கம்பெனி பஸ்ஸில் நான் ஏறினதால்தான் உன் புருஷன் காலேஜ் படி ஏறினான். அதையும் விழுங்கிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

குழந்தையோடு வந்து ஒரு ராத்திரி தங்குங்கள் என்று கேட்கும்போதெல்லாம், "ரெண்டு வயசு ஆகட்டும்மா, உன் ஊட்ல தலகாணி போர்வைன்னு போட்டு வெச்சிருப்பே, டாக்டர் கூடாதுன்றாரு, நந்தினியும் ஒத்துக்க மாட்டா" என்பான் செல்வகுமார். சரி, ஆகட்டும் என்று இருந்தேன். இலவம்பஞ்சு வாங்கி, வெயிலில் போட்டு, கொட்டை பொறுக்கி, நர்ஸம்மா சொன்னபடி தட்டையாக ஒரு தலையணை தைத்தேன். ஷூவுக்குள்ளே வைக்கிற லைனிங் துணியில் எது குழந்தைத் தோலுக்கு உறுத்தாது என்று எனக்குத் தெரியும், அதில் உறை. என் பழைய மெல்லிசான வாயில் சேலையை இரண்டாக மடித்துப் போர்வை. ஆவணியில் அவளுக்கு இரண்டு வயசு முடிந்தபோது இரண்டையும் மூட்டை கட்டி அவன் கையில் கொடுத்தேன். வந்து சேர்ந்தது என்றுகூட நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கேட்டால் மூணு வயசு ஆகட்டும் என்கிறான். போன வாரம் சுகரா பேகத்தின் மகள் தன் போனில் அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸைக் காட்டினாள். உன் அம்மா வீட்டுக் கட்டிலில் ஓவியா தூங்குகிறாள். தலைக்கு முயல் படம் போட்ட தலையணை. கழுத்து வரைக்கும் பூப்போட்ட போர்வை. அந்த வீட்டுப் போர்வை மூக்கை அடைக்காதா நந்தினி? மாதனூர்ப் போர்வைதான் அடைக்குமா?

அனுப்ப இஷ்டம் இல்லை என்றால் இல்லை என்று சொல். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நிற்காதே. நான் தைத்தது பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு. இந்தத் தெருவில் குழந்தைகளுக்கா பஞ்சம். நீ உன் குடும்பத்தோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
கெங்கம்மாள்.

⁂

மாதனூர்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

மகன் செல்வகுமாருக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் பெண்டாட்டிக்கு நான் எழுதின கடிதம் என்ன செய்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அவள் லீவு போட்டுவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஒரு மத்தியானம் இங்கே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாசலோடு நின்றாள். அவள் முகத்தில் மாஸ்க். குழந்தைக்கும் ஒன்று மாட்டியிருந்தாள், அது பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம். "உள்ள வந்தா இன்னா ஒட்டிக்கும்? கம்பெனி நாத்தமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டேன். சுகரா பேகம் ஓடிவந்து, "கெங்கம்மா, பச்சக் கொழந்த முன்னாடி பேஜார் பண்ணாதே, மொதல்ல தண்ணி குடு" என்றாள். நான் கொண்டுவந்த தண்ணீரை நந்தினி வாங்கவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை, மாத்திரை எல்லாம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

எந்த மாத்திரை என்றேன்.

"டிபி மாத்திரை" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு டிபி என்று நீ சொல்லியிருக்கிறாய். ஊருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறேன், கேட்டால் அவமானப்பட்டுப் போவேன், வாயே திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் தன் அம்மாவிடம் தவிர யாரிடமும் ஒன்றரை வருஷமாக வாயே திறக்கவில்லை. அவள் அம்மா அன்றைக்குத் துடைத்தது ஷூ கம்பெனிக்காரி முத்தத்தை இல்லை, நோயாளி முத்தத்தை. காகிதக் கப்பும் அதற்குத்தான். பெற்ற குழந்தைக்கு நோய் ஒட்டும் என்றால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அவர்கள் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய்.

அவள் பையைத் திறந்தாள். நான் தைத்த தலையணையும் சேலைப் போர்வையும். என் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாதாம். வீடு முழுக்கத் தேடி, பரணில் மிக்ஸி அட்டைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்தாளாம். நான் போட்டனுப்பின முடிச்சுகூட அவிழவில்லை. கொடுக்கவும் உனக்குத் தைரியம் இல்லை, தூக்கி எறியவும் தைரியம் இல்லை. மூணு வயசு என்று எந்த டாக்டரும் சொல்லவும் இல்லையாம்.

அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நீ அன்னிக்குக் கத்தினதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் முட்டிக்குவீங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன்" என்றாய். அப்புறம் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். மாமியார் மருமகள் சண்டையை நிறுத்துவதற்கு அம்மாவுக்கு ஒரு நோய் வாங்கிக் கொடுத்த பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய்.

டிபி வந்தால் அது ஒன்றும் பாவம் இல்லை. சுகராவின் அண்ணன் அஹமது பாஷாவுக்கு வந்தது. ஒளிக்காமல் மாத்திரை சாப்பிட்டார், இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து என்னோடு விலைக்குச் சண்டை போடுகிறார். எனக்கு வந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன், நானே தள்ளிப் படுத்திருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் இருமலைக் கேட்டு டிபிதான் என்று நிஜமாகவே நம்பினாயா? நம்பினாய் என்றால் ஒரு நாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டாயா? நம்பவில்லை என்றால், இல்லாத நோயைப் பெற்றவள் தலையில் கட்ட எப்படி நாக்கு வந்தது? இரண்டில் எது என்று நீதான் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் ஆறுதலாக இல்லை. உன் குழந்தைக்கு மூச்சு முட்டக் கூடாது என்று தலையணைக்கு ஒரு டாக்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டாய். எனக்கு மூச்சு முட்டுவது போனில்கூட உனக்குக் கேட்டிருக்கும்.

நந்தினி ஒரே தடவைதான் மன்னிப்புக் கேட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல், "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்தை" என்றாள். மறுநாள் குழந்தையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்து கூட்டிப்போனாள். சளி கொடுத்தேன், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வரிசையில் நிற்கும்போது என் பையை அவள்தான் வைத்திருந்தாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே ஓவியாவைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள். முடிவு வருகிற வரைக்கும் குழந்தை இந்த வாசல் பக்கமே வரக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அவ்வளவு அறிவு எனக்கும் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குச் சொல்லிக்காட்டினேன். சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதை உன்னிடம் சொல்லாதே என்று அவளிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். நீயாகக் கேட்கிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ கேட்கவில்லை. சுகராவின் மகள் போனுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பி, அதை அம்மாவிடம் காட்டச் சொன்னாய். காட்டினாள். "இன்னா ஆயா பதில் போடட்டும்?" என்று கேட்டாள். கும்பிடத் தெரிந்தவனுக்கு வரத் தெரியாதா என்றேன். அவள் அதை அனுப்பினாளோ என்னவோ.

இப்போது மத்தியானம். இங்கே மழை விட்டிருக்கிறது. நந்தினி சுகரா வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறாள். நேற்று சாயந்திரம் வந்தாள், இன்று ராத்திரியும் தங்கிவிட்டுத்தான் போவாளாம். உனக்கு அவள் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, அது உங்கள் பாடு. ஓவியா என் பக்கத்தில் பாயில் தூங்குகிறாள். அந்தத் தலையணையை ஆசையாகத் தட்டித் தட்டிப் படுத்தாள். கண் அசந்ததும் உருண்டு பாய்க்குப் போய்விட்டாள். நான் போர்த்தினதை உதைத்துத் தள்ளிவிட்டாள். இரண்டு தடவை போர்த்தினேன், இரண்டு தடவையும் தள்ளிவிட்டாள். தள்ளத் தெரிந்துவிட்டது, இனி பயமில்லை. வேண்டாததைத் தள்ளுவதில் உன் மகள்தான்.

என் சளியிலும் படத்திலும் என்ன வந்தது என்று இதில் எழுத மாட்டேன். குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன், அதை வைத்து நீயே தெரிந்துகொள்வாய், படித்தவன். ஆனாலும் என் வாயால் நான் சொல்வது, நீ உன் வாயால் கேட்டபிறகுதான். சத்துவாச்சாரியில் பஸ் ஏறினால் நேராக இங்கே வந்து இறங்கலாம், வழி மறந்திருக்காது. வாசலில் நின்று, "அம்மா, உடம்பு எப்படி இருக்குது?" என்று கேள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். மன்னிப்பெல்லாம் உன் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொள்.

உன் நெஞ்சில் சளி கட்டாமல், உன் மகள் உன்னைப் பற்றி யாரிடமும் பொய் சொல்லாமல், நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வந்தால் காகிதக் கப்பில் காபி தரமாட்டேன். பேர் வெட்டின உன் டம்ளர் அலமாரியில்தான் இருக்கிறது. நேற்றுத்தான் தேய்த்துவைத்தேன்.

உன்னைப் பெற்ற,
கெங்கம்மாள்.