கோடையிலும் கழிந்த காசு

மோர்டன், லண்டன்
ஒக்டோபர் 2005

அன்புள்ள சயந்தினியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். ஊரில் எங்கள் கொக்குவில் வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்துவிட்டதென்று உங்கள் தங்கை சொல்லி அறிந்தேன். நீங்களே சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பிள்ளை நன்றாக உயர்ந்துவிட்டாள். போன வருடச் சப்பாத்து ஒன்றும் காலுக்கு ஏறவில்லை. எனக்கு இன்னும் விடியற்காலை ஷிப்ட்தான்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. ஜூலையிலும் ஓகஸ்டிலும் நாங்கள் காஸ் ஹீட்டரைத் தொடவே இல்லை. ஆனாலும் பாங்கிலிருந்து காஸ் கம்பனிக்கு மாதாமாதம் அதே தொகை போய்க்கொண்டிருந்தது. பிழையாக எடுக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்து வீட்டு ருக்குமணியிடம் காட்டினேன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையாகிவிட்ட பிள்ளை, உங்களுக்கும் தெரியும்தானே. "இது தப்பு இல்லக்கா. வருஷம் முழுக்க எவ்வளவு ஆகும்னு பார்த்து, மாசாமாசம் சமமா பிரிச்சு எடுக்குறாங்க. கோடையில கூடுதலா கட்டுறது குளிருக்கு உதவும்" என்றாள்.

கேட்கும்போது விளங்கியது. வீட்டுக்கு வந்து யோசித்தால் மறுபடியும் குழப்பம். போன மாரிக் குளிரில் நானும் பிள்ளையும் ஒரே அறைக்குள் படுத்துக்கொண்டு, மற்ற அறைகளின் ஹீட்டரை எல்லாம் பூட்டி வைத்திருந்தோம். அப்போதும் இதே தொகைதானே போனது? பிறகு ஏன் குளிருக்குள் கிடந்தோம்?

கடைசியில் கம்பனிக்கே போன் எடுத்தேன். கணக்கு உங்கள் பெயரில் என்பதால் என்னோடு பேசமாட்டார்கள் என்று பயந்தேன். ஆனால் கணக்கில் என் பெயரையும் நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். எப்போது சேர்த்தது என்று கேட்டேன். போன வருடம் நீங்கள் ஊருக்குப் பிளேன் ஏறுவதற்கு முந்தின கிழமையாம். இந்த மாதாந்த ஒழுங்கையும் அன்றுதான் செய்திருக்கிறீர்கள்.

"கூரையைப் போட்டிட்டு மூண்டு மாதத்தில வந்திடுவன்" என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்? மூன்று மாதத்தில் வருகிறவர் ஏன் ஒரு வருடத்துக்கு ஒழுங்கு செய்தீர்கள்? எனக்குத் தலையிடி இருக்கக்கூடாது என்றா? அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நாள் நினைக்கிறேன். அடுத்த நாள் வேறு விதமாக நினைக்கிறேன். இதை ருக்குமணியிடம் கேட்க ஏலாது.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். நாங்கள் செலவழித்த காஸ் மிகவும் குறைவாம். கட்டியதில் மிச்சம் எங்கள் கணக்கிலேயே கிடக்கிறதாம். வீட்டில் ஆட்கள் குறைந்துவிட்டார்களா, குறைந்திருந்தால் அடுத்த வருடத்துக்கு மாதத் தொகையைக் குறைத்துவிடலாம் என்றாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று திரும்பவும் கேட்டாள்.

சயந்தினி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் தொகையைக் குறைக்காமல் விடுகிறேன் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

"ஏனம்மா பொய் சொன்னீங்கள்?" என்று பிள்ளை கேட்டாள். பொய் இல்லை, அப்பா வாறார் என்றேன். "ஓகே அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்கே தெரியவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. இந்த மாரிக்கு எல்லா அறைகளிலும் ஹீட்டரைப் போடப் போகிறேன். நீங்களும் நானும் படுத்த அறையிலும்தான்.

ரேடியோச் செய்தியைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. ஊரில் திரும்பவும் சண்டை வரும் என்கிறார்கள். வருவதென்றால் பாதை பூட்டமுன் வெளிக்கிடுங்கள். வருவதில்லை என்றால் அதையாவது உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் தாங்குவேன். எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

உங்கள்
தவநாயகி